பூவாடைக்காரி பேசாத நாள்

பூவாடைக்காரிக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடப்பதில்லை என்று அந்தக் காலத்தில் குடும்பமே நம்பியது. அந்தக் காலம் என்று எழுதும்போதே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. எல்லோர் கையிலும் கைப்பேசி வரத் தொடங்கிய பிறகு நடந்ததுதான் இது, வெகுதூரம் போய்விடவில்லை.

பூவாடைக்காரி என் கணவர் வீட்டுப் பெண். பல தலைமுறைகளுக்கு முன் தாலி ஏறாமலே இறந்துபோனவள். கிணற்றில் விழுந்தாள் என்பார்கள் சிலர். அம்மை கண்டு போனாள் என்பார்கள் சிலர். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. கன்னியாகப் போனதால் தெய்வமானாள் என்பது மட்டும் தெரியும். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் அழைப்பு அவளுக்கு. கல்யாணத்துக்கு முந்திய அந்தியில் கழனிக் கிணற்றடிக்குப் போய், பம்பை முழக்கி, பாடி அழைப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தியின் மேல் அவள் இறங்கி வருவாள், பேசுவாள், சம்மதம் சொல்வாள். அதன் பிறகுதான் மணமேடைக்குப் பந்தக்கால் ஊன்றியதற்கே அர்த்தம் உண்டு.

நான் அந்த வீட்டில் வாழவந்த நாளிலிருந்து அவள் இறங்கியது என் மாமியாரின் மேல்தான். என் கல்யாணத்தின்போது, கூட்டத்தில் நின்ற பங்காளி ஒருவரைக் கைநீட்டி, வரப்பை நகர்த்தி வைத்ததைச் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் அங்கேயே விழுந்து அழுதார். கன்னித் தெய்வம் கறையைப் பொறுக்காது, ஊர் பார்க்கச் சொல்லிவிடும் என்பதற்கு அதையே எல்லோரும் சாட்சியாகச் சொல்வார்கள்.

கிணற்றடியில்

அமுதாவின் கல்யாணத்துக்கு முந்திய நாள். திருவாலங்காட்டை அடுத்த எங்கள் கழனியில் அறுவடை முடிந்திருந்தது. நெல்தாள் காலில் குத்த, கிணற்றைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். அமுதா என் கணவரின் தங்கை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். என் மாமியார், மல்லிகையும் வேப்பிலையும் சுற்றிய கரகச் செம்பில் கிணற்று நீரை நிறைத்துத் தலையில் வைத்து, கண்மூடி நின்றார்.

வழக்கமாகப் பாட்டு தொடங்கிய சற்று நேரத்திலேயே அவருடைய முழங்கால்கள் ஆடத் தொடங்கும். அன்று பம்பை முழங்கிக்கொண்டே இருந்தது. அவர் நட்டுவைத்த மரம் போல நின்றார்.

"இன்னா பம்பைக்காரரே, ஆத்தாளுக்கு பஸ்சு கெடைக்கலியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அரக்கோணம் வண்டி எப்பவும் லேட்டுதானே, அதுல வந்துக்கினு இருப்பா," என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அமுதாவைப் பார்த்தேன். நலங்கு மஞ்சள் காயாத முகத்தோடு தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் திறந்தால் தன் வாழ்க்கை அந்தக் கூட்டத்தின் நடுவே கொட்டப்பட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதைச் சொல்ல நான் சில ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

கலைத்துக்கொண்டு வந்தது

என் இரண்டாவது பிள்ளை பால் மறப்பதற்குள் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. திருவள்ளூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கைக்குழந்தை, வேலை, ரயில் பயணம். இன்னொன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதலில் மாமியாரிடம்தான் சொன்னேன்.

"இதுக்கின்னாத்துக்குமா கண்ணு கலங்குற? உலகத்துல இல்லாததா? நாளிக்கு இஸ்கூலுக்கு லீவு சொல்லிடு. போய்ட்டு வந்துடலாம்," என்றார்.

அப்படித்தான் போய்வந்தோம். நான் உள்ளே இருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்களோடு மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் பூண்டுக் குழம்பு வைத்தார்; கருவாடு சுட்டார். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மருமவளுக்கு இன்னா, படுத்துக்கினு கீது?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, கலைச்சிக்கினு வந்தோம். சின்னதே இன்னும் நடக்கல பாரு," என்று நெல் அரைத்துவந்த செய்தியைப் போல உரக்கச் சொன்னார் என் மாமியார். அன்று மாலை வழக்கம்போல, பூவாடைக்காரிக்காக மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கும் கூடத்துச் சுவரின் முன் கற்பூரம் ஏற்றினார். அந்தச் சுவருக்கும் நான் படுத்திருந்த பாய்க்கும் இடையே ஒரு கதவுகூட இல்லை.

எனக்குள் அன்று ஒரு சின்ன துக்கம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அச்சம் இல்லை. பாவம் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

இந்தத் தொடரில் முன்பு என் மாமியாரைப் பற்றி எழுதியபோது அவருடைய கைப்பக்குவத்தையும் கேலியையும் எழுதினேன். அவை உண்மைதான். இனி எழுதப்போவதும் அதே பெண்மணியைப் பற்றியது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கழுத்தில் இல்லாதது

அமுதா வார நாட்களில் தொழிற்சாலையருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவாயலில் பேருந்து பிடித்து ஊருக்கு வருவாள். வரும்போது உடையில் இயந்திர எண்ணெயின் மணமும், பையில் என் பிள்ளைகளுக்கு ஏதாவது தின்பண்டமும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடுகு தாளித்த வாடைக்கே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனார். நானும் போனேன்.

"எத்தினி நாளாடி?"

அமுதா வாய் கொப்பளித்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். யாருடி அவன்?"

"அவன் வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போய்ட்டான். அந்தப் பேச்சு வேணாம்மா. எனக்கு இது வேணாம். அண்ணி அன்னிக்கி போனாங்களே, அதே மாதிரி நானும் போய்ட்டு வந்துடறேன்."

"இன்னா பேச்சு பேசற நீ! அவளும் நீயும் ஒண்ணா? அவ கழுத்துல தாலி கீது. அவ செஞ்சா அது கலைக்கிறது. நீ செஞ்சா அது கொலைடி. பாவம்!"

"ரெண்டும் வயித்துல இருந்ததுதானேம்மா?"

மாமியார் கையை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன நினைத்தாரோ, தன் வாயின் மேலேயே வைத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். கருவைச் சிதைப்பது பெரும்பாவம் என்று பழைய சாத்திரங்கள் சொல்கின்றன; தாயின் உயிரை முன்னிறுத்தும் இடங்களும் அவற்றில் உண்டு. ஆனால் என் மாமியார் எந்தச் சாத்திரத்தையும் கேட்டவரல்லர். அவருடைய தராசில் கருவுக்கு எடையே இருக்கவில்லை. கழுத்தில் கயிறு இருக்கிறதா என்பதற்கு மட்டுமே எடை இருந்தது. அவரைக் கொடுமைக்காரி என்று சொல்லி என்னால் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதே தராசின் நல்ல தட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பக்கம் பாவம், ஒரு பக்கம் ஊர்வாய். சில நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கோயில் வாசல் கடையிலிருந்து மஞ்சள் துண்டு கோத்த ஒரு கயிறு வாங்கிவந்தார்.

"இத்த போட்டுக்கோ. ஆஸ்பத்திரில கேட்டா கல்யாணம் ஆனவன்னு இருக்கட்டும்."

"அத்தை, அமுதா மேஜர்," என்றேன். "அவ சம்மதம் ஒண்ணு இருந்தாப் போதும். சட்டமே அப்படித்தான் இருக்கு. கயிறெல்லாம் வேணாம்."

"உனுக்கு புக்கு தெரியும்மா. எனக்கு ஊரு தெரியும்."

ஆஸ்பத்திரிக்காக மட்டும் அவர் அதை வாங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கயிறு ஏறிவிட்டால் பாவம் கொஞ்சம் இறங்கும் என்று அவருடைய மனம் எங்கோ கணக்குப் போட்டிருந்தது.

ஆமா என்றவன்

தெரிந்தவர்கள் கண்ணில் படாத தொலைவில், வேறோர் ஊரில் ஒரு சிறிய மருத்துவமனை. அழைத்துப் போனவன் கோபி, மாமியாரின் தம்பி மகன். தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் வேன் வைத்திருந்தான். அமுதாவுக்கு முறைப் பையன். வயிற்றில் கட்டி என்று சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டிருந்தோம். அவன் அதை நம்பினானா என்பது எனக்குத் தெரியாது.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் அமுதாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள்.

"ஹஸ்பெண்ட் வந்திருக்காரா? கூப்பிடுங்க."

கயிறு இல்லாமல் போயிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. மாமியார் திகைத்துச் சுற்றிலும் பார்த்தார். வாசலில் டீ கிளாசோடு கோபி நின்றிருந்தான்.

"தோ, கீறாரே," என்றார்.

"நீங்கதானா சார்?"

கோபி அத்தையைப் பார்த்தான்; அமுதாவின் கழுத்தைப் பார்த்தான். கிளாசைச் சுவரோரம் வைத்துவிட்டு, "ஆமா," என்றான்.

உள்ளே டாக்டரம்மா அமுதாவிடம் தனியாகப் பேசினாராம். உன் விருப்பமா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டாராம். "உன் சம்மதம் போதும்மா, வெளிய நிக்கறவர் எதுக்கு?" என்றாராம். அமுதா இதை என்னிடம் சொன்னபோது ஏனோ சிரித்தாள். அவளுக்கு உடம்பில் எந்தக் குறையும் நேரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கயிற்றைக் கழற்றிக் கிணற்றில் போட்டார்கள். நெல்மூட்டை அடுக்கிய அறையில் அவளுக்குப் பாய் விரிக்கப்பட்டது. கூடத்துச் சுவரின் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார் மாமியார். அவள் நடந்த இடத்திலெல்லாம் மஞ்சள் நீர் தெளித்தார். பூண்டுக் குழம்பை நான் வைத்து எடுத்துப்போனேன். நெல்தூசியில் தும்மிக்கொண்டே அவள் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாளில் கோபி தன் பெற்றோரோடு தாம்பூலத் தட்டு தூக்கிவந்தான். பெற்றோருக்கு விஷயம் தெரியாது; பெண் கேட்டு வந்திருந்தார்கள். அமுதா முடியாது என்றாள். அவர்கள் முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கோபி சமையற்கட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"அன்னிக்கி நான் ஆமான்னு சொன்னப்ப இனிச்சிச்சா அத்தை? வேல முடிஞ்சதும் தொடச்சிப் போட்டுட்டுப் போறதுக்கு நான் இன்னா வாடகைப் புருசனா?"

"மெதுவாப் பேசு நைனா," என்று கெஞ்சினார் மாமியார்.

"மெதுவாத்தான் பேசறேன். சத்தமாவும் பேசத் தெரியும். இவளுக்கு என்னை வுட்டா எவன் வருவான்னு நீயே கேட்டுக்க."

அவன் போன பிறகு மாமியாரின் முகத்தில் நான் கண்டது அச்சமல்ல, ஒரு விடுதலை. "ஆத்தாளே வழி காட்டிட்டா," என்றார். "அவனே கட்டிக்கினா அது புருசன் பொண்டாட்டி விசயம் ஆயிடும். பாவம் கழிஞ்சிடும்டி அமுதா." முடிந்துபோன ஒன்றின் மேல் பின்னாலிருந்து தாலி கட்டிவிட முடியும் என்று அவர் மனமார நம்பினார்.

"எனக்குக் கழிய வேணாம்மா," என்றாள் அமுதா. "அண்ணி, ஒவ்வொரு சண்டையிலயும் இவன் நடந்தத எடுத்து மூஞ்சில வீசுவான். சாவற வரைக்கும் வீசுவான்."

என் கணவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. தெரிந்தால் அண்ணன் உயிரோடு இருக்கமாட்டான் என்று சொல்லி மாமியார் அமுதாவின் காலைப் பிடித்தார். தாய் காலைப் பிடித்த பிறகு அந்தப் பெண்ணால் என்ன செய்யமுடியும்? தலையை ஆட்டினாள்.

ரஹீமா சொன்னது

அந்த நாட்களில் பள்ளியில் என் அருகே உட்கார்ந்திருந்தவர் ரஹீமா டீச்சர். பழவேற்காட்டில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். யார் பெயரையும் சொல்லாமல், அவர்கள் மார்க்கத்தில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒருநாள் உணவு இடைவேளையில் கேட்டேன்.

"வயித்துக்குள்ள ரூஹு, அதான் உயிரு, ஊதப்படறதுக்கு முன்னாடின்னா, தக்க காரணம் இருந்தா ஒத்துக்கற ஆலிம்களும், மார்க்கம் படிச்சவங்களும் இருக்காங்க, ஒத்துக்காதவங்களும் இருக்காங்க டீச்சர். கிதாபைப் பிரிச்சு வெச்சு வாதாடுவாங்க," என்றார். டப்பாவை மூடிவிட்டு, "ஆனா அதெல்லாம் நிக்காஹ் ஆனவளுக்கு. ஆவாத பொண்ணுன்னு வெச்சுக்கோங்க, யாரும் கிதாபையே தொறக்கமாட்டாங்க. நேரா அவ வாப்பா கடைக்குத்தான் நியாயம் கேக்கப் போவாங்க," என்றார்.

எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. மணி அடித்தது, வகுப்புக்கு எழுந்தோம்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் மதியம், கரகத்துக்கு நானும் அமுதாவும் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்:

"அவ ஏன் அண்ணி கெணத்துல வுழுந்தா?"

"யாரு?"

"பூவாடக்காரி. கன்னியாப் போனா, கன்னியாப் போனான்னு சொல்றாங்களே. ஏன் வுழுந்தான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

தொடுத்த சரத்தை அவள் முழம் போட்டாள். "இன்னிக்கி அம்மா மேல வந்து அவ என்னப் பத்திச் சொல்லிட்டான்னா, எனக்கு அவ மேல கோவம் வராது அண்ணி. அம்மாவை நெனைச்சாத்தான் பயமா கீது," என்றாள்.

மறுபடியும் கிணற்றடி

பம்பைக்காரர் பாட்டை மாற்றினார். கெஞ்சிப் பாடினார், வழக்கப்படி ஏசியும் பாடினார். வேப்பம்புகை கண்ணைக் கரித்தது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் மாமியாருக்கு அருகில் நின்றிருந்தேன். அவருடைய தாடை இறுகியிருந்தது. உதடுகள் வெளுக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. செம்பின் நீர் தளும்பித் தளும்பி அவர் நெற்றியில் வழிந்தது. ஆனால் கால் ஓரடி பெயரவில்லை, வாய் திறக்கவில்லை.

வெகுநேரத்துக்குப் பிறகு பம்பைக்காரர் தோளிலிருந்து வாரை இறக்கினார்.

"ஆத்தாளுக்கு மனசு இல்லம்மா. கூப்ட்டுப் பாத்துட்டேன். இந்த ஊட்டுல இப்புடி நடந்ததே இல்ல."

கூட்டத்தில் முதலில் பேசியது கோபியின் தாய். "கன்னித் தெய்வம் மொகம் திருப்பிக்கினு போற பொண்ண நான் எப்புடி எடுப்பேன்? இன்னா கொறையோ, இன்னா தீட்டோ! என் புள்ள வம்சம் தழைக்க வேணாவா?"

எல்லோருடைய கண்களும் அமுதாவின் மேல் திரும்பின. கோபி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தான் சொன்ன ஆமாவுக்கும் தாயிடம் பதில் சொல்லியாகவேண்டும். வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

விடிந்ததும் பந்தலைப் பிரித்தார்கள். சமையலுக்கு நறுக்கிவைத்த காய்கறியை மாட்டுக்குப் போட்டார்கள். என் கணவர் கழனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அமுதா ஒரு கல்யாணத்திலிருந்து தப்பினாள். ஆனால் பூவாடைக்காரி ஏற்காதவள் என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு ஒரு வரனும் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் ஆரத்தித் தட்டை அவள் கையில் யாரும் கொடுப்பதில்லை. வளைகாப்புக்கு என்னை மட்டும் அழைப்பார்கள். அவள் தொழிற்சாலைக்கே திரும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, துணி துவைத்து, திரும்பிப் போவாள். என் மாமியாரின் மேல் அதன் பிறகு தெய்வம் இறங்கியதே இல்லை.

அத்தை சொன்னது

மாமியார் படுக்கையில் விழுந்த ஆண்டின் ஒரு முற்பகல். தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மின்சார ரயில் போன சத்தம் அடங்கியதும் அவராகவே பேசினார்.

"அன்னிக்கி அவ வர்லன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு கீறாங்க."

சீப்பை நிறுத்தினேன்.

"வந்தாம்மா. பாட்டு எடுத்ததுமே வந்துட்டா. நாக்கக் கடிச்சிக்கினு நின்னேன். வாயத் தொறக்க வுடல. இன்னா சொல்லிடுவாளோன்னு பயம். எம் பொண்ணாச்சே. ரத்தம் வந்திச்சி, முழுங்கிட்டேன்."

"கோபமா வந்தாளா அத்தை?"

அவர் கூடத்துச் சுவரின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இல்லம்மா. அழுதுக்கினு வந்தா. இன்னாத்துக்கு அழுவறான்னு நான்தான் கேக்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அமுதா வந்தபோது இதை அவளிடம் சொன்னேன். கையிலிருந்த பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டாள். "சாமியையே தடுத்து நிறுத்தினாங்களா? எனக்காவவா?" என்றாள். பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "அதை ஊருகிட்ட ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு உள்ளே போய்த் தாயின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அமுக்கிவிட்டாள். மாமியார் கடைசிவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு என் கணவரும் போய்விட்டார். தங்கைக்கு ஏன் கல்யாணம் நின்றது என்று தெரியாமலேயே போனார். பிள்ளைகள் வேப்பம்பட்டிலும் சென்னையிலும் வீடு எடுத்துக்கொண்டார்கள். அமுதா வேலையை விட்டுவிட்டு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

திருவாலங்காட்டு வீட்டில் இப்போது நானும் அமுதாவும் இருக்கிறோம்.